முலாம் பட்டறை இருந்த மாசடைந்த நிலத்தில் குடியிருப்பு வருகிறது: அக்கம்பக்கத்து மக்கள் எந்தக் கட்டத்தில், எப்படிப் பங்கேற்பது?

கேள்வி
பதிவிட்டவர்: கீழவாய்க்கால் தெரு

அனைவருக்கும் வணக்கம்.

ஊரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்துவிட்டு நிலைமையை மட்டும் எழுதுகிறேன். எங்கள் தெரு முடியும் இடத்தில், ஏறத்தாழ 9 ஏக்கர் பரப்பில், மிதிவண்டி மற்றும் மோட்டார் வாகன உதிரி பாகங்களுக்கு முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அது மூடப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அதன் மதிலோரக் குழிகளில் தேங்கும் நீர் மஞ்சளாக மாறுகிறது. எங்கள் வரிசையில் உள்ள கிணறுகளைக் குடிக்கவோ சமைக்கவோ யாரும் பயன்படுத்துவதில்லை; துணி துவைப்பதைக்கூடச் சிலர் நிறுத்திவிட்டார்கள்.

அந்த நிலம் இப்போது கைமாறியிருக்கிறது. நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களும், ஒரு மூலையில் பொதுமக்களுக்கான பூங்காவும் வரப்போகின்றன என்று சொல்லி, சென்ற மாதம் திருமண மண்டபம் ஒன்றில் எங்களை அழைத்துக் கூட்டம் நடத்தினார்கள். பூங்காவின் வண்ணப் படங்களைத் திரையில் காட்டி, நடைபாதை வேண்டுமா, சிறுவர் விளையாட்டுக் கருவிகள் வேண்டுமா என்று கேட்டார்கள். மண்ணைப் பற்றி ஒரு பெரியவர் எழுந்து கேட்டபோது, பரிசோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்பது மட்டுமே பதிலாக வந்தது. அறிக்கையை யாருக்கும் காட்டவில்லை.

குடியிருப்போர் நலச் சங்கத்திலும் ஒருமித்த கருத்து இல்லை. வீட்டு விலை உயரும், தெருவுக்கு வெளிச்சம் வரும் என்று மகிழ்பவர்களும், பிள்ளைகள் அந்தப் பூங்காவில் விளையாடுவதை நினைத்து அஞ்சுபவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். தொழிற்சாலையின் பின்மதிலை ஒட்டிப் புறம்போக்கில் வசிக்கும் அறுபது குடும்பங்களை அந்தக் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவே இல்லை. அவர்களில் பலர் அதே தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள்.

நாங்கள் திட்டத்தை எதிர்க்கவில்லை. பூட்டிக் கிடக்கும் அந்த இடம் நல்லபடியாக மாற வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். ஆனால் மக்கள் பங்கேற்பு என்பது ஊஞ்சலின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதோடு முடிந்துவிடுமா? எந்தக் கட்டத்தில் எதைக் கேட்டால் எங்கள் பேச்சுக்குப் பயன் இருக்கும்? இத்தகைய நிலங்களின் மறுசீரமைப்பில் அனுபவமோ அறிவோ உள்ளவர்கள் வழிகாட்டினால் கடமைப்பட்டிருப்போம்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற வேதியியலாளர்

வணக்கம். உங்கள் கேள்வியில் ஊஞ்சலைப் பற்றிய வரியிலிருந்தே தொடங்குகிறேன். மாசடைந்த நிலத்தைப் பொறுத்தவரை, அங்கே என்ன வரப்போகிறது என்ற முடிவும் அதை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற முடிவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கிடங்கு கட்டுவதற்குப் போதுமென்று கருதப்படும் அளவு, குழந்தைகள் மண்ணில் விளையாடும் இடத்துக்குப் போதாது. ஆகவே பயன்பாடு முடிவான பிறகு மக்களை அழைத்தால், சுத்திகரிப்பு அளவைப் பற்றிய முடிவும் அவர்களுக்குத் தெரியாமலே எடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் உள்ளே நுழைய வேண்டிய இடம் அதற்கு முன்னால் இருக்கிறது. அந்தக் கதவு உங்கள் ஊரில் இன்னும் முழுதாக மூடவில்லை என்றே நினைக்கிறேன்.

மஞ்சள் நீர் என்றவுடன் எனக்கு இராணிப்பேட்டை நினைவுக்கு வந்தது. 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று அங்கே ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் விட்டுச் சென்றது. மழைக்குப் பிறகு அதன் சுற்றுப்புறத்தில் ஊறி வரும் நீரின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் ஆறிணைதிறக் குரோமியம். முலாம் தொட்டிகளிலும் இதுவே பயன்பட்டது. குரோமியம் இரண்டு வடிவங்களில் காணப்படும்: மூவிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடும்; ஆறிணைதிறக் குரோமியமோ நீரில் கரைந்து நிலத்தடி நீரோடு நகரும், அதன் நச்சுத்தன்மையும் பன்மடங்கு அதிகம். எனவே அறிக்கை உங்கள் கைக்கு வரும்போது, மொத்தக் குரோமியம் என்ற ஒரே எண் மட்டும் இருந்தால் அதை முழுமையான அறிக்கையாக ஏற்காதீர்கள். ஆறிணைதிறக் குரோமியத்தின் அளவைத் தனியாகக் கேளுங்கள். நிக்கல், சயனைடு ஆகியவற்றையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். முலாம் பூசுவதற்கு முன் உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்க டிரைக்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது. அது நீரைவிடக் கனமானது என்பதால் நிலத்தடி நீர்மட்டத்தையும் தாண்டிக் கீழே இறங்கித் தங்கும். அங்கிருந்து ஆவியாக மேலெழுந்து, தரைத்தளத்தின் விரிசல்கள் வழியாக மூடிய அறைகளுக்குள் சேரும். மேல்மண்ணை இரண்டடி அகற்றிவிட்டுச் செம்மண் கொட்டிப் புல் பதித்தாலும் இந்த ஆவி நிற்காது. அடுக்குமாடிகளுக்கு நிலத்தடி வாகன நிறுத்தம் திட்டமிட்டிருந்தால், மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றைச் சோதித்தார்களா என்பது மிக முக்கியமான கேள்வி.

மாதிரி எடுத்த முறையையும் பாருங்கள். பத்து இடங்களில் அள்ளிய மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகச் சோதித்தால், கசடு கொட்டிய இடத்தின் கடுமை மற்ற ஒன்பது இடங்களின் மண்ணில் கரைந்து மறைந்துவிடும். மாதிரிகள் எங்கே, எவ்வளவு ஆழத்தில் எடுக்கப்பட்டன என்ற வரைபடம் இல்லாத அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இங்கேதான் உங்கள் தெருவின் அறிவு ஆய்வகத்தைவிட மதிப்புடையதாகிறது. கசடு எந்தக் குழியில் கொட்டப்பட்டது, கழிவுநீர் எந்தப் பக்கம் திறந்துவிடப்பட்டது, எந்தக் கிணறு மூடப்பட்டது என்பவை அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். உங்கள் தெருவின் பெயரிலேயே ஒரு வாய்க்கால் இருக்கிறது. அது இன்று எங்கே? தூர்ந்துபோன வாய்க்காலின் மணற்படுகை, நிலத்தடியில் மாசு ஓடுவதற்கான பாதையாக அமைந்துவிடும்.

அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரத்தின் லவ் கெனால் பகுதியில் இதுதான் நடந்தது. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் ஏறத்தாழ 21,000 டன் இரசாயனக் கழிவைப் புதைத்த நிறுவனம், 1953-இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடமும் சுற்றிலும் வீடுகளும் எழுந்தன. 1978-இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி அண்டை வீட்டாருடன் சேர்ந்து, யார் வீட்டில் என்ன நோய் என்று கேட்டுக் கேட்டு வரைபடத்தில் குறித்தார். மூத்தவர்களின் நினைவில் இருந்த பழைய நீரோடைத் தடங்களை அதே வரைபடத்தில் வரைந்து பார்த்தபோது, நோய்கள் அந்தத் தடங்களை ஒட்டித் திரண்டிருந்தன. அதிகாரிகள் தொடக்கத்தில் அதை இல்லத்தரசிகளின் கணக்கு என்று ஒதுக்கினார்கள். பின்னர் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. 1980-இல் மாசடைந்த நிலங்களைச் சுத்தம் செய்வதற்கான அந்நாட்டின் சூப்பர்ஃபண்ட் சட்டம் பிறந்ததற்கு அந்தப் போராட்டம் முக்கியக் காரணமாக இருந்தது.

மறுமொழி 2
பதிவிட்டவர்: சோலைக்காட்டு ஓரம்

வேதியியலாளர் ஐயா எழுதியதை அப்படியே ஏற்கிறேன். சுத்திகரிப்பு அளவை யார் முடிவு செய்வது என்ற சிக்கல் நம் மாநிலத்திலேயே எவ்வளவு நீண்டது என்பதற்குக் கொடைக்கானல் ஒன்றே போதும். அந்த வழக்கின் போக்கைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை 1980-களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச் மாதத்தில், மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடை ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை ஊர்மக்களும் சூழலியல் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் ஏற்பட்டது. இவை மூன்றும் மக்கள் விடாமல் நின்றதால் கிடைத்தவை.

ஆனால் மண் அங்கேயே கிடந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை நிறுவனம் முன்வைக்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை ஏற்றது. அந்த நிலம் பாம்பார் சோலையை ஒட்டிய சரிவில் இருக்கிறது, அங்கிருந்து வழியும் நீர் கீழே ஆற்றில் சேருகிறது, ஆகவே இதைவிடக் கடுமையான அளவு வேண்டும் என்று மக்கள் தரப்பு வாதிட்டது. அதற்காக மேலும் மண்ணைத் தோண்டினால் மரங்களை வெட்ட நேரும், சரிவில் மண் அரிக்கும் என்பது எதிர்வாதம். இரண்டு பக்கமும் கேட்கத்தக்க காரணங்கள் இருந்தன. எனக்கு வருத்தம் தருவது, இந்த விவாதம் அளவு முடிவான பிறகே ஊரின் நடுவே வந்தது என்பதுதான். முதலிலேயே மக்கள் முன் வைத்துப் பேசியிருந்தால் இத்தனை ஆண்டுக் கசப்பு சேர்ந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

தோண்டியெடுக்கும் மண் எங்கே போகிறது என்பதையும் தயவுசெய்து கேளுங்கள். போபாலில் யூனியன் கார்பைடு வளாகத்தில் கிடந்த ஏறத்தாழ 337 டன் நச்சுக் கழிவை, விபத்து நடந்து நாற்பது ஆண்டுகள் கழிந்து 2025 ஜனவரியில் பீதம்பூருக்குக் கொண்டுபோனபோது, அந்த ஊர் மக்கள் கொந்தளித்தார்கள். தம்மிடம் கேட்காமல் தம் வாசலில் இறக்குகிறார்கள் என்பதே அவர்களுடைய கோபம். உங்கள் தெருவின் மண் இன்னொரு தெருவின் மண்ணாகிவிடக் கூடாது.

மறுமொழி 3
பதிவிட்டவர்: வார்டு எல்லை

நான் குடியிருப்புச் சங்கங்களோடும் புறம்போக்கு வாழ் மக்களோடும் பணியாற்றுபவள். சட்ட வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆனால் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. அணுமின் நிலையத்துக்கும் சுரங்கத்துக்கும் நடக்கும் கூட்டம் உங்களுக்கு நடக்காது. அதற்காகக் காத்திருந்து ஏமாறாதீர்கள். திட்ட உரிமையாளர் சமர்ப்பிக்கும் ஆவணங்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வரும். அவற்றைப் படித்து, மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுத்து மூலம் எழுதலாம். தொழில் உபயோகப் பகுதியைக் குடியிருப்புப் பகுதியாக மாற்ற விண்ணப்பித்திருந்தால், அந்த நில வகைமாற்றத்துக்கு ஆட்சேபணை கோரி நாளிதழில் அறிவிப்பு வரும். பெரும்பாலோர் கண்ணில் படாமல் போகும் அந்தச் சிறு விளம்பரம்தான், ஐயா சொன்ன மூடாத கதவு.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த தலங்களின் மேலாண்மைக்கென்று தனி விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய தலங்களைப் பற்றி மாவட்ட நிர்வாகம் அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். தகவல் கிடைத்த 90 நாட்களுக்குள் மாநில வாரியம் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும், பின்னர் மூன்று மாதங்களில் விரிவான ஆய்வு. மாசுக்குப் பொறுப்பானவரே செலவை ஏற்க வேண்டும். குப்பைக் கிடங்குகளுக்கு இவ்விதிகள் பொருந்தா. உங்களுடையது போன்ற தொழிற்சாலை நிலத்துக்குப் பொருந்தும். மாவட்ட ஆட்சியரிடம் புகைப்படங்களுடன் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பரிசோதனை அறிக்கை வாரியத்திடமோ நகராட்சியிடமோ இருந்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகல் கேட்கலாம்.

முக்கியமான செய்தி இதுதான். அந்த அறுபது குடும்பங்களை நீங்கள் குறிப்பிட்டதற்கு நன்றி. ஆனால் அவர்களை யாரும் அழைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் சங்கம் அழைத்ததா? வருத்தப்படுத்துவதற்காகக் கேட்கவில்லை. நான் பார்த்த இடங்களில் எல்லாம், நிலம் சுத்தமான பிறகு முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் அந்த அழுக்கோடு அதிக காலம் வாழ்ந்தவர்களே. பூங்காவுக்கு வழி அகலப்படுத்த வேண்டும் என்று ஒரு நாள் அவர்களுக்கு அறிவிப்பு வரும். அவர்கள் நகருக்கு வெளியே பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் போவார்கள். கசடு எங்கே புதைக்கப்பட்டது என்று சொல்லத் தெரிந்தவர்களும் அவர்கள்தாம். அவர்களிடமிருந்து தகவலை மட்டும் பெற்றுக்கொண்டு, பேச்சுவார்த்தை மேசையில் சங்கத்தார் மட்டும் உட்காருவது நியாயமாகாது. எந்தக் கோரிக்கை மனுவிலும் அவர்களுடைய குடியிருப்பு உரிமை முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

மறுமொழி 4
பதிவிட்டவர்: நகரமைப்பு மாணவர், பாஸ்டன்

அம்மா எழுதியதற்குத் துணையாக, நான் படிக்கும் நகரத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில், டட்லி தெருவைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலி மனைகள் இருந்தன. வீட்டு உரிமையாளர்கள் கைவிட்டு எரிந்துபோன வீடுகளின் மனைகள் அவை. வெளியிலிருந்து வண்டி வண்டியாகக் குப்பையும் கட்டட இடிபாடும் பழைய வாகனங்களும் கொண்டுவந்து கொட்டப்பட்டன. 1984-இல் அங்கே வசித்தவர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் வெளியார் கூட்டிய கூட்டத்திலேயே, இந்த நிர்வாகக் குழுவில் எங்கள் தெருக்காரர்கள் எத்தனை பேர் என்று எழுந்து கேட்டு, குழுவின் அமைப்பையே மாற்றினார்கள். கறுப்பின மக்கள், கேப் வெர்டே நாட்டிலிருந்து வந்தவர்கள், இலத்தீன் அமெரிக்கர்கள், வெள்ளையர்கள் ஆகிய நான்கு பிரிவினருக்கும், எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல், சம இடங்கள் ஒதுக்கப்பட்டன. உங்கள் கூட்டுக் குழுவுக்கு இந்த ஒரு விதியையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

1988-இல் அந்த மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தை நகர நிர்வாகம் அந்த மக்கள் அமைப்புக்கே அளித்தது. நிலத்தை அவர்கள் சமூக நில அறக்கட்டளையின் பெயரில் வைத்துக்கொண்டார்கள். வீடு குடும்பத்துக்குச் சொந்தம், நிலம் அறக்கட்டளைக்குச் சொந்தம், மறுவிற்பனை விலைக்கு வரம்பு உண்டு. இதனால் இடம் சீரான பிறகும் அங்கே வாழ்ந்தவர்கள் அங்கேயே தங்க முடிந்தது. நம் நாட்டில் இதே சட்ட வடிவம் இல்லை. ஆனால் பூங்காவுக்கு ஒதுக்கும் மூலையில் ஒரு பகுதியைப் பின்மதில் குடும்பங்களின் வீடுகளுக்கு ஒதுக்கும்படி கேட்க முடியும்.

சூப்பர்ஃபண்ட் திட்டத்தில் 1986 முதல் இருக்கும் ஓர் ஏற்பாட்டையும் குறிப்பிட வேண்டும். மாசடைந்த தலத்தின் அக்கம்பக்கத்து மக்கள் குழு, தாங்களே தேர்ந்தெடுக்கும் நிபுணரை அமர்த்தி அறிக்கைகளைப் புரிந்துகொள்வதற்காக, தொடக்கத்தில் 50,000 டாலர் வரை அரசு மானியம் பெறலாம். மாசுக்குப் பொறுப்பான நிறுவனத்தோடு தொடர்புடைய குழுக்களுக்கு அது கிடையாது. நிபுணர் யாருடைய சம்பளத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து, கேட்கப்படும் கேள்விகளே மாறிவிடுகின்றன. உங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ நம்பத்தகுந்த ஒரு பேராசிரியரை இப்போதே தேடத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்
பதிவிட்டவர்: கீழவாய்க்கால் தெரு

நால்வருக்கும் நன்றி. வார்டு எல்லை அம்மா கேட்டது என்னை உறுத்திவிட்டது. நாங்கள் அவர்களை அழைக்கவில்லை என்பதே உண்மை.

நேற்று மாலை சங்கச் செயலாளரும் நானும் பின்மதில் வரிசைக்குப் போனோம். முலாம் தொட்டிப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்த ஒருவர், திண்ணையில் உட்கார்ந்தபடியே கரித்துண்டால் தரையில் வளாகத்தை வரைந்து காட்டினார். கசடுக் குழிகள் இரண்டு. ஒன்றின் மேல் பின்னாளில் கொட்டகை போட்டுவிட்டார்களாம். மற்றொன்று, கூட்டத்தில் எங்களுக்குக் காட்டிய படத்தில் சிறுவர் விளையாட்டிடம் வரும் அதே மூலையில் இருக்கிறது. வாய்க்கால் மதிலுக்கு உள்ளே வளைந்து, எங்கள் வீட்டுப் பின்புறம் வழியாகத்தான் போயிருக்கிறது என்பதை அவருடைய மாமியார் சொன்னார். எங்கள் கிணறு ஏன் முதலில் கெட்டது என்பது எனக்கு நேற்றுத்தான் புரிந்தது. அந்த வரைபடத்தைத் தாளில் எடுத்துக்கொண்டோம்.

ஒரு சந்தேகம். புதிய மண் பரிசோதனைக்கு உரிமையாளர் ஒப்புக்கொண்டால், மாதிரி எடுக்கும்போது எங்கள் தரப்பில் ஒருவர் உடனிருக்கக் கேட்பது மரபா?

மறுமொழி 5
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற வேதியியலாளர்

தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் அங்கேயே இரண்டாகப் பிரித்து, இரு தரப்பும் கையொப்பமிட்டு முத்திரையிட்டு, ஒரு பாதியை நீங்கள் தேர்ந்தெடுக்கும் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆறிணைதிறக் குரோமியத்துக்கான மாதிரியைக் குளிரில் வைத்து விரைவாகச் சேர்ப்பிக்க வேண்டும். அதைத் தாமதப்படுத்தக் கூடாது.

கசடுக் குழியைச் சுட்டிக்காட்டியவரின் பெயரை மனுவில் எழுதாதீர்கள். ஆனால் மாதிரி எடுக்கும் நாளில் உங்கள் தரப்பாக நிற்கும் இருவரில் ஒருவர், அவர் விரும்பினால், அவராகவே இருக்கட்டும். கொட்டகையின் தளத்துக்குக் கீழும் துளையிட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெற்றுவிடுங்கள். உங்கள் வீட்டுக் கிணற்று நீரையும் அதே நாளில் எடுத்து அனுப்புங்கள். முடிவுகள் வந்ததும் எண்களை அப்படியே இங்கே பதிவிடுங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.